கம்பிக்கடியில் ஒரு காசு

நைவகி, மோவாலா தீவு
4 பிப்ரவரி 1991

மச்சான் இசிகேலி,

இந்தக் கடிதத்தோடு மூன்று பொருள்கள் வருகின்றன. ஒரு மூட்டை யங்கோனா வேர், உன் தங்கை உனைசி பின்னிய பாய், நான் முறுக்கிய ஒரு தேங்காய் நார்க் கயிறு. பாய் உன் மனைவி லைசானிக்கு. வேரைச் சுவா சந்தையில் விற்றுவிடு. கயிறு எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன். சிரிக்காதே என்று சொன்னால் இன்னும் அதிகமாகச் சிரிப்பாய், அதனால் சொல்லவில்லை.

எனக்கு ஒரு கிட்டார் வேண்டும். பேரனுக்கோ தேவாலயப் பாடகர் குழுவுக்கோ இல்லை. எனக்கு. ஐம்பத்திரண்டு வயதில் முதல் கிட்டார்.

என் மகன் சகியுசா அங்கே ராணுவ முகாமில் இருப்பது உனக்குத் தெரியும். ஏப்ரலில் அமைதிப்படையோடு லெபனானுக்குப் புறப்படுகிறான், ஓராண்டு. எனக்குச் சொல்லவில்லை, அவன் அம்மாவுக்கு எழுதியிருக்கிறான். பதினான்கு வயதில் அவன் நம் ஊர்க் கிட்டார்க்காரன் மனோவாவிடம் இரவல் வாங்கி வந்த கிட்டாரை நான் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்த அன்று நீ எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். "இந்த வீட்ல சோம்பேறிக்கு இடமில்ல" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னேன். அவன் கிட்டாரை விடவில்லை, வீட்டில் வாசிப்பதை விட்டான். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதெல்லாம் தேவாலய நிர்வாகியோடு பேசுவது போலத்தான். கேட்டதற்குப் பதில் வரும். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

தகப்பன் வேரைத் தூக்கிக்கொண்டு மகன் முன்னால் போய் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. இருந்திருந்தாலும் போயிருப்பேனா, தெரியவில்லை. ஆனால் அவன் திரும்பி வரும் நாளில் ஊர் அவனுக்காக யங்கோனா வேரை இடித்துக் கரைத்துக் குடிக்கும். தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து பாடுவார்கள். வாசிப்பவர்கள் வரிசையில் நான் கிட்டாரோடு உட்கார்ந்திருக்க வேண்டும், அவன் பார்க்க வேண்டும். நான் வாயால் சொல்ல முடியாததை அது சொல்லிவிடும்.

விலை வேர் மூட்டைக்குள் அடங்கட்டும். நாலு பேர் பாடும்போதும் சத்தம் கேட்க வேண்டும். பார்க்க அழகாக இருக்கவே கூடாது. இந்த ஊரில் என் கோடாரி போன கதையும் கைவிளக்கு போன கதையும் உனக்குத் தெரியும். எவனாவது வந்து பாயில் உட்கார்ந்து 'கேரெகேரெ' என்று ஒரு வார்த்தை வேண்டிக் கேட்டால், இல்லை என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. யாருக்கும் கேட்கத் தோன்றாத கிட்டாராகப் பார்.

சகியுசாவிடம் மூச்சு விடாதே. கயிறு தோளில் மாட்டுவதற்கு. என் கழுத்துக்கு அளந்து முறுக்கினேன், கருப்புப் புரி ஒன்று வெள்ளைப் புரி இரண்டு.

அபிசாய்


சுவா
27 பிப்ரவரி 1991

மாப்பிள்ளை அபிசாய்,

சிரித்தேன். லைசானியும் சிரித்தாள். கொப்பரை வெட்டி வெட்டி மரவள்ளிக் கிழங்கு மாதிரி ஆன உன் விரல்களை நினைத்துத்தான். பிறகு கடிதத்தை இரண்டாவது முறை படித்தோம், அப்போது இருவருமே சிரிக்கவில்லை.

சனிக்கிழமை துறைமுகக் கொட்டகையில் வேலை முடிந்ததும் முனுசாமியின் பழைய சாமான் கடைக்குப் போனேன். யாருக்கு என்று கேட்டான். என் மச்சானுக்கு, பழகப் போகிறான் என்றேன். "எத்தன வயசுப் பையன்?" என்றான். வயதைச் சொன்னதும் மூன்று கிட்டார்களை மேசைமேல் கிடத்தினான்.

முதலாவது நைலான் தந்தி. விரலுக்கு மெத்தை போல இருக்கிறது. ஆனால் சத்தம், தேவாலயத்தில் தும்மலை அடக்குகிறவன் போல. நாலு பேர் பாடினால் காணாமல் போய்விடும். அது போக, ஊரில் எவனாவது ஒருநாள் அதில் இரும்புக் கம்பியை மாட்டி முறுக்குவான், கம்பி கட்டியிருக்கும் அடிக்கட்டை பெயர்ந்து கையோடு வந்துவிடும். இரண்டாவது புதுசு. சிவப்பு, ஓரமெல்லாம் சிப்பி பதித்திருக்கிறது. நான் கை வைப்பதற்கு முன்பே முனுசாமி சொன்னான்: "இத வாங்காத இசிகேலி. கரையில இறங்கறதுக்குள்ள கப்பல்காரனே கேட்டுருவான்." அது முழுப் பலகையில் செய்தது வேறு, நம் உப்புக்காற்றில் ஒரே மழைக்காலத்தில் பிளந்துவிடுமாம்.

மூன்றாவதுதான் உன்னுடையது. ஒட்டுப்பலகை, அதனால் ஈரத்துக்கு அசையாது. வயிற்றில் யாரோ சிகரெட்டை வைத்து மறந்ததில் ஒரு கருப்பு வட்டம். இன்னொரு பக்கம் நாய் பிராண்டியது போல் கீறல்கள். இதைப் பார்த்து ஆசைப்படுகிறவனுக்குக் கண் மருத்துவர்தான் தேவை. துடுப்பைப் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிக் கழுத்தின் வழியாகப் பார்த்தேன், நேர்கோடு. ஒவ்வொரு கம்பியையும் கழுத்தில் குறுக்கே பதித்த ஒவ்வொரு பட்டையிலும் அழுத்தித் தட்டினேன், எங்கும் இரையவில்லை. பன்னிரண்டாவது பட்டைக்கு மேலே கம்பிக்கடியில் ஒரு இருபது சென்ட் காசை நுழைத்தேன். ஒன்று நுழைந்தது. இரண்டாவது நுழையவில்லை. அதுதான் அளவு என்றான் முனுசாமி.

அவன் சொன்ன இன்னொன்றையும் எழுதுகிறேன். "கம்பி உசரமா இருந்தா பழகறவன் அழுவான். அழுதுட்டு விட்ருவான். நான் வித்ததுல பாதி அப்பிடித்தான் திரும்பி வந்துச்சு. ஒருத்தன்கூட கிட்டார் சரியில்லேன்னு சொன்னதில்ல. எல்லாரும் கை சரியில்லேன்னுதான் சொன்னானுங்க."

ஆகவே மாப்பிள்ளை, இனி உனக்குச் சாக்குச் சொல்ல வழியில்லை. கிட்டார் இப்போது என் வீட்டுச் சுவரில் உன் கயிற்றில் தொங்குகிறது. அடுத்த கப்பலில் வரும்.

இசிகேலி


சுவா
13 மார்ச் 1991

மாப்பிள்ளை,

அவசரமாக எழுதுகிறேன், கப்பல் பிற்பகல் கிளம்புகிறது. கிட்டார் கோணிப்பையில் சுற்றி வருகிறது. முன்பு எழுதியதை வைத்துப் பார்க்காதே, கடைசி நேரத்தில் மனம் மாறி வேறு ஒன்று எடுத்தேன். இதுவும் நல்லதுதான். பழகப் பழகச் சரியாகும். தங்கைக்கு என் அன்பைச் சொல்.

இசிகேலி


நைவகி
30 மார்ச் 1991

மச்சான்,

கிட்டார் வந்து சேர்ந்தது. உனக்கும் லைசானிக்கும் நன்றி. உனைசி அதற்குத் துணியில் உறை தைத்திருக்கிறாள்.

இரண்டு சந்தேகங்கள். நான் முறுக்கிய கயிற்றைக் காணவில்லை, கழுத்தில் பிளாஸ்டிக் கயிறு ஒன்று கட்டியிருக்கிறது. கப்பலில் யாராவது எடுத்தார்களா?

இன்னொன்று காசு. நீ எழுதியபடி இருபது சென்ட்டை நுழைத்துப் பார்த்தேன். மூன்று காசுகளை அடுக்கினாலும் இடிக்காமல் போகிறது. நான்தான் தவறாகப் படித்தேனோ என்று உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒன்று என்றுதான் எழுதியிருக்கிறாய். இது வேறு வகைக் கிட்டார், இதற்குக் கணக்கு வேறு என்றால் சொல்.

கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் உட்கார்ந்து பழகுகிறேன். மனோவா வந்து கற்றுக்கொடுக்கிறான். நம் ஊர்ப் பாட்டுக்குக் கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் மூன்று பிடிகள் போதும் என்கிறான். முதல் பிடியில் இடது கையின் நாலு விரலும் வெந்துபோகின்றன. எல்லோருக்கும் இப்படித்தானா?

அபிசாய்


சுவா
22 ஏப்ரல் 1991

மாப்பிள்ளை,

எல்லோருக்கும் அப்படித்தான். முதல் இரண்டு மாதம் விரல் எரியும், பிறகு தோல் தடித்துவிடும். இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடி. காசுக் கணக்கு அந்தப் பழைய கிட்டாருக்கு. இதற்கு அது பொருந்தாது.

கயிறு என் தவறு. அனுப்பும் நாளன்று கொட்டகையில் வைத்திருந்தேன். எலி கடித்துவிட்டது.

சகியுசா போன வாரம் புறப்பட்டான். நானும் லைசானியும் நாந்தி விமான நிலையம் வரை போனோம். நீல நிறத் தொப்பியில் நன்றாக இருந்தான். மாலை போட்டோம். உன்னைப் பற்றிக் கேட்டான். "அப்பா சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வேறு பக்கம் பார்த்தான். நீ பழகுவதைச் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது, சொல்லவில்லை.

இசிகேலி


நைவகி
2 ஜூன் 1991

மச்சான்,

நீ வருத்தப்படக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கிட்டாரை நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன்.

இரண்டு மாதமாக ஒரு நாள்கூட விடவில்லை. நீ சொன்னபடி அழுத்தினேன். நுனியில் தோல் உரிந்து, காய்ந்து, மறுபடி உரிந்தது. உப்புத் தண்ணீரில் கையை வைத்தால் உயிர் போகிறது, வலை இழுக்க மாற்று ஆள் தேடினேன். அப்படியும் அந்த மூன்று பிடிகளில் ஒன்றுகூடச் சுத்தமாக விழவில்லை. மூன்று கம்பி ஒலித்தால் மூன்று கம்பி செத்துக் கிடக்கிறது.

போன வெள்ளிக்கிழமை யங்கோனாத் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது வாசித்துக் காட்டச் சொன்னார்கள். வாசித்தேன். மனோவா சொன்னான்: "அபிசாய், கொப்பரைக் கத்தி மாதிரி பிடிக்காதய்யா. அது தேங்கா இல்ல, உரிக்கறதுக்கு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நியாயம்தான், எட்டு வருடம் முன்னால் நான் வாசலில் நின்று கத்தியபோதும் இவர்கள்தான் கேட்டார்கள்.

மனோவா பிறகு கிட்டாரைக் கையில் வாங்கிப் பார்த்தான். "கம்பி இவ்ளோ உசரத்துல நிக்குது, கழுத்து வில்லு மாதிரி வளஞ்சிருக்கு, இத எவன் வாங்கினான்?" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என் மச்சான் கடை கடையா ஏறி, துடுப்பு பாக்கற மாதிரி பாத்து, காசு போட்டு அளந்து வாங்கினது. கிட்டார சொல்லாத, என் கைய சொல்லு" என்றேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

கை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேலைக்கென்று இருக்கிறது. எனக்குக் கொப்பரை. சகியுசா வரும்போது வழக்கம் போல் வாசிப்பவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து கைதட்டுவேன்.

அபிசாய்


சுவா
26 ஜூன் 1991

மாப்பிள்ளை,

நிறுத்தாதே. தயவுசெய்து நிறுத்தாதே.

உன் கையைக் குறை சொல்லாதே. இனி யார் முன்னாலும் சொல்லாதே. மனோவாவிடம் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம், அவனுக்குக் கிட்டார் தெரியும்.

அடிக்கட்டையில் கம்பிகள் ஏறி உட்காரும் எலும்புத் துண்டு ஒன்று இருக்கும். கம்பிகளைத் தளர்த்தினால் கையோடு வெளியே வரும். அதன் மேல்பக்கத்தைத் தொடாதே. அடிப்பக்கத்தைக் கடற்கரைப் பவளக்கல்லில் தேய். ஒரேயடியாக வேண்டாம், கொஞ்சம் தேய்த்து மாட்டிப் பார், மறுபடி தேய். பாதி உயரம் குறைந்தால் முதல் மூன்று பட்டைகளில் விரல் நிற்கும். கழுத்தின் வளைவு போகாது, அதற்கு நான் என்ன செய்வது என்று தெரியவில்லை. மெல்லிய கம்பிகள் ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன்.

இன்னும் எழுத இருக்கிறது. லைசானி பக்கத்தில் நின்று "எழுதுங்க, எழுதுங்க" என்கிறாள். இந்தக் கடிதத்தில் முடியவில்லை.

இசிகேலி


நைவகி
5 ஆகஸ்ட் 1991

மச்சான்,

எலும்பைத் தேய்த்தேன். விரல் நிற்கிறது. கம்பிகளுக்கு நன்றி.

இங்கே எல்லோரும் நலம். போன கப்பலில் சகியுசாவிடமிருந்து அவன் அம்மாவுக்குக் கடிதம் வந்தது, உள்ளே ஒரு புகைப்படம். மணல் மூட்டைகளுக்கு முன்னால் நாலைந்து பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், பின்னால் ஆலிவ் மரமாம். அவன் நடுவில். கையில் கிட்டார் இருக்கிறது. படம் தெளிவாக விழுந்திருக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றிருந்தேன். உங்கள் கொட்டகை எலிகள் தேங்காய் நாரைத் தின்னுமா? இங்கே உள்ளவை தொடுவதில்லை. கருப்புப் புரியை மட்டும் தின்றனவா, வெள்ளையையும் சேர்த்தா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அபிசாய்


சுவா
28 ஆகஸ்ட் 1991

அபிசாய்,

மாப்பிள்ளை என்று எழுதத் தொடங்கிவிட்டு அடித்தேன். நீ மறுபடி அப்படி அழைக்கச் சொன்னால் அழைக்கிறேன்.

எலி இல்லை. படத்தில் நீ பார்த்தது அந்தக் கிட்டார்தான், அந்தக் கயிறுதான்.

மார்ச்சில், கப்பலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சகியுசா முகாமிலிருந்து வந்தான். தேவாலயம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தோம். சுவரில் தொங்கியதைப் பார்த்தான், எழுந்து போய் எடுத்தான். தட்டில் மீன் ஆறிக்கொண்டிருந்தது, அவன் நின்றபடியே வாசித்தான். வயிற்றில் இருந்த சூட்டுத் தழும்பைப் பெருவிரலால் தடவிப் பார்த்துச் சிரித்தான். யாருக்கும் ஆசை வராத கிட்டார் என்று உனக்குப் பெருமையடித்து எழுதியிருந்தேன். வாசிக்கத் தெரிந்தவன் கண்ணால் பார்ப்பதில்லை, அதை நான் யோசிக்கவில்லை.

பிறகு கயிற்றைத் தலைவழியாகப் போட்டுக்கொண்டான். "மாமா, இத நான் எடுத்துட்டுப் போறேன்" என்றான். கேட்கவில்லை, சொன்னான். தாய்மாமன் வீட்டில் மருமகன் கேட்பதில்லை, எடுப்பான். நானும் என் மாமன் வீட்டில் ஒரு படகையே எடுத்துக்கொண்டு வந்தவன். என் வாயில் இருந்தது ஒரே வார்த்தை: இது உன் அப்பாவுக்கு. அதைச் சொல்லாதே என்று நீ எழுதியிருந்தாய்.

லைசானி அவனுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். நான் "எடுத்துக்கடா" என்றேன். "கயிறு யாரு முறுக்கினது மாமா, நல்லாருக்கே" என்றான். ஊரிலிருந்து யாரோ கொடுத்தது என்றேன்.

இதுவரை என் தவறு பெரிதில்லை. இதற்குப் பிறகுதான். முனுசாமி கடையில் அந்தச் சிவப்பும் நைலானும்தான் மிச்சம். கொட்டகையில் எங்களோடு வேலை செய்யும் ஒருவன் தகரக் கூரைக்கடியில் போட்டு வைத்திருந்த கிட்டாரைக் கேட்டேன், தந்தான். கம்பிக்கடியில் காசு போட்டுப் பார்க்கவில்லை. போட்டால் தெரிந்துவிடும் என்று போடவில்லை. பழகுகிறவனுக்கு இது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முனுசாமி சொன்னது காதிலேயே இருந்தது.

கப்பல் போன பிறகாவது எழுதியிருக்கலாம். 'உன் மகன் எடுத்தான்' என்றால் பழி அவன் மேல். எட்டு வருடத்துக்குப் பிறகு நீ நீட்டிய கையிலிருந்து அவன் பிடுங்கிக்கொண்டது போல் ஆகிவிடும். அதனால் எழுதவில்லை என்று லைசானியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. "ரெண்டு பேருக்கும் நல்லவனா இருக்கணும், அதான் ஒங்களுக்கு" என்றாள். அதுதான் உண்மை.

'அழுத்திப் பிடி' என்று எழுதினேன் அல்லவா, அந்த வரியை எழுதியபோது உன் விரல்கள் என் கண்ணில் தெரிந்தன. தெரிந்துகொண்டுதான் எழுதினேன். மனோவாவிடம் எனக்காக நீ சண்டை போட்டதைப் படித்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

இந்தக் கப்பலில் ஒரு முழு வேர் வருகிறது, வெட்டாதது. மனோவா எனக்காக மன்னிப்புக் கேட்டு அதை உன் முன்னால் வைப்பான். நான் ஒரு தவறு செய்தேன் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். நானே வந்திருக்க வேண்டும். விடுப்புக் கிடைக்கவில்லை என்று எழுத நினைத்தேன். கேட்டுப் பார்க்கவே இல்லை.

இசிகேலி


நைவகி
29 செப்டம்பர் 1991

மச்சான்,

வேர் என் முன்னால் பாயில் கிடக்கிறது. மனோவா முறைப்படி வைத்துவிட்டுச் சொல்ல வேண்டியதைச் சொன்னான். நான் ஒரு கடிதம் எழுதிவிட்டு வருகிறேன், வாசலில் இரு என்றேன். இப்படி ஒரு வழக்கத்தை அவன் கேள்விப்பட்டதில்லை, முணுமுணுத்துக்கொண்டே போய் உட்கார்ந்திருக்கிறான்.

வேரைத் தொட்டுவிட்டால் மன்னித்தாயிற்று, உனக்கும் தெரியும். அதற்குப் பிறகு இதைப் பற்றி நீயோ நானோ வாய் திறக்கக் கூடாது. அதனால்தான் தொடுவதற்கு முன் எழுதுகிறேன்.

கிட்டார் போனதற்கு எனக்குக் கோபமில்லை. மருமகனுக்கு நீ இல்லை என்று சொல்லியிருந்தால்தான் உன்னைப் பற்றித் தவறாக நினைத்திருப்பேன். ஆனால் ஊர் முன்னால் என் கையை நானே பழித்தேன். அதைப் படித்தும் நீ உண்மையைச் சொல்லாமல் இருந்தாய். கொப்பரை வெட்டும்போதுகூட இந்தக் கையை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதோ என்னை ஏமாற்றியது போல. அதற்கு என்னிடம் மன்னிப்பு வேண்டாம். நீ ஊருக்கு வரும்போது இந்த இடது கையைப் பிடித்து அதனிடம் சொல்.

என் பக்கத்தையும் சொல்கிறேன். புகைப்படம் வந்த அன்றே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எலியைப் பற்றி விசாரித்தது உன்னைத் தூண்டிலில் போட்டுப் பார்க்கத்தான், இரண்டு மாதம் இழுக்கலாம் என்றிருந்தேன். அது மச்சான்களுக்குள் உள்ளது, அதற்கு வருத்தமில்லை. வேறொன்றுக்கு இருக்கிறது. படத்தில் அவன் கையில் கிட்டாரைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. 'என்னுடையதை எடுத்துக்கொண்டானா' என்றுதான் வந்தது. அன்று வாசலில் நின்று கத்தியவன் இன்னும் எனக்குள் சௌக்கியமாக இருக்கிறான்.

உனைசி படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். "இது நீங்க முறுக்கின கயிறு" என்றாள். "கயிறெல்லாம் ஒரே மாதிரிதான்" என்றேன். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் படத்தைக் கொண்டுபோய்த் தன் பைபிளுக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. பொய் சொன்னது நீ ஒருவன் மட்டும் இல்லை.

சகியுசா கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தான், உனக்கு எழுதாமல் வைத்திருந்தேன். அவன் படைப்பிரிவில் வாசிக்கத் தெரியாத இரண்டு பேர் அந்தக் கிட்டாரில் பழகிக்கொண்டார்களாம். 'மாமா தந்தது, கம்பி தாழ்வு, யார் வேண்டுமானாலும் பழகலாம்' என்று எழுதியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு நடந்து போகும்போது அதையே நினைத்துக்கொண்டு போனேன். நான் கிட்டார் கேட்டது எதற்கு? அவன் முன்னால் உட்கார்ந்து, 'உன் கிட்டாரை வெளியே வைத்தது என் தவறு' என்று சொல்லாமல் சொல்வதற்கு. என் காசில் வாங்கிய கிட்டார், என் கழுத்துக்கு அளந்த கயிற்றில், அவன் மடியில் இருக்கிறது. நான் சொல்ல நினைத்தது எனக்கு முன்னால் அங்கே போய்விட்டது.

ஒரே குறை, அது என்னிடமிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். தெரிந்தால் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றி, இரண்டு கையாலும் பிடித்து, தலைகுனிந்து என்னிடம் நீட்டுவான். அப்பாவுடையதைப் பறித்துவிட்டோம் என்று காலம் முழுக்கச் சுமப்பான். நம் வீட்டில் அதைச் சுமக்க நீயும் நானும் போதும். லைசானியிடமும் சொல்லி வை.

அவன் ஏப்ரலில் வருகிறான். வாசிப்பவர்கள் வரிசையில் அவன் முன்னால் இருப்பான், நான் அவனுக்குப் பின்னால். மூன்று பிடிகளும் இப்போது விழுகின்றன. மூன்றாவது பட்டையைத் தாண்டினால் கழுத்து வளைந்து கம்பி எழும்பிவிடுகிறது. தாண்டுவதில்லை. நம் ஊர்ப் பாட்டும் தாண்டுவதில்லை. மனோவா போன வாரம் கேட்டுவிட்டு வெற்றுக் கிண்ணத்தை நீட்டி இன்னொன்று ஊற்றச் சொன்னான். அவனிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

நீயும் வா. விடுப்பு கேள்.

மனோவா இரண்டாவது முறை இருமிவிட்டான். எழுந்து போய்த் தொட்டுவிட்டு வந்து முடிக்கிறேன்.

தொட்டாயிற்று. வெளியே வேரை இடிக்கிறார்கள்.

நீ அனுப்பிய கிட்டார் நல்ல கிட்டார், மச்சான்.

அபிசாய்